வாகனச் சோதனையும் நமது நடத்தையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் நிகழ்த்தப்பெற்ற உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நமது உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.

 

ஆண்டறிக்கையும் வரவு செலவும் வாசிக்கப்பட்டுவிட்டன. அவற்றில் இடம்பெறாத, ஆனால் ஒவ்வொரு வீட்டையும் தொடுகின்ற ஒரு பொருள் குறித்துச் சில வார்த்தைகள் கூறக் கடமைப்பட்டுள்ளோம். காவல்துறையினர் சாலையில் வாகனத்தை நிறுத்தும்போது நாம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும் என்பதே அப்பொருள்.

நமது பரமத்தி வேலூர், நாமக்கல்லையும் கரூரையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்துள்ள ஊர். காவிரிப் பாலத்தைக் கடந்தால் கரூர் மாவட்டம். வெற்றிலையும் வாழைத்தாரும் ஏற்றிச் செல்லும் வண்டிகளும், நாமக்கல் லாரிகளும் இரவு பகலாக ஓடுகின்றன. நம் ஜமாஅத்திலும் லாரி, வேன், ஆட்டோ ஓட்டிப் பிழைப்போர் பலர். இரு சக்கர வாகனம் இல்லாத வீடு இன்று அரிது. ஆகவே வாகனச் சோதனை என்பது யாருக்கோ நேர்வதன்று, நமக்கு நேர்வது.

சோதனையில் பிடிபட்டவுடன் நம்மவர்கள் முதலில் செய்வது என்ன? ஜமாஅத் நிர்வாகிக்குத் தொலைபேசி செய்வது. "வண்டியைப் பிடித்துவிட்டார்கள், ஸ்டேஷனுக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள்" என்பார்கள். எந்த இடத்தில் ஜமாஅத் துணை நிற்கும், எந்த இடத்தில் நிற்காது என்பதை இன்று தெளிவுபடுத்த விரும்புகிறோம்.

அதற்கு முன் இரண்டு நிகழ்வுகளை நினைவூட்டுகிறோம். 2018 மார்ச் 7 அன்று திருச்சி–தஞ்சாவூர் சாலையில், தலைக்கவசச் சோதனையின்போது நிற்காமல் சென்றதாக ஒரு தம்பதியினரைப் போக்குவரத்துக் காவல் ஆய்வாளர் ஒருவர் விரட்டிச் சென்றார். திருவெறும்பூர் அருகே அவர் உதைத்ததில் வண்டி சாய்ந்து, பின்னால் அமர்ந்திருந்த மனைவி உயிரிழந்தார். ஆய்வாளர் கைது செய்யப்பட்டார். அடுத்தது நமக்கு இன்னும் அருகில் நடந்தது. 2021 ஜூன் 22 அன்று, கொரோனா ஊரடங்குக் காலத்தில், சேலம் மாவட்டம் பாப்பநாயக்கன்பட்டி சோதனைச் சாவடியில் ஒரு மளிகைக் கடைக்காரருக்கும் காவலர்களுக்கும் வாக்குவாதம் முற்றியது. சிறப்பு உதவி ஆய்வாளர் லத்தியால் தாக்கியதில் அவர் மறுநாள் மரணமடைந்தார். அந்த அதிகாரியும் கைது செய்யப்பட்டார்.

இவ்விரண்டிலும் குற்றம் தாக்கியவருடையதே. தலைக்கவசம் இல்லாமைக்கோ வாய்ச்சண்டைக்கோ எந்தச் சட்டத்திலும் மரண தண்டனை கிடையாது. இறந்தவர்களைக் குறை கூற நமக்கு உரிமையில்லை. ஆயினும் அதிகாரி சிறை செல்வதால் இறந்தவர் வீடு திரும்புவதில்லை. எனவே நம் கையில் உள்ள பங்கை நாம் சரியாகச் செய்தாக வேண்டும். அது இரண்டே செயல்களில் அடங்கும்: கை காட்டினால் நிற்பது, நின்றபின் நாவைக் காப்பது.

முதலாவதாக, நிற்பது. காவலர் கை காட்டினால் வேகத்தைக் குறைத்து, இடது ஓரமாக நிறுத்தி, இஞ்சினை அணைத்துவிடுங்கள். திரும்பி ஓடுவதும் சந்துக்குள் புகுவதும் வேண்டாம். ஆயிரம் ரூபாய் அபராதத்திற்கு அஞ்சி லாரிச் சக்கரத்தின் முன் வண்டியைத் திருப்புவது அறிவுடைமையாகாது. சீருடை அணிந்த காவலர் கேட்டால் ஓட்டுநர் உரிமத்தைக் காட்ட வேண்டும் என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 130 கூறுகிறது. உரிமம், ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று ஆகியவற்றை எப்போதும் உடன் வைத்திருங்கள். டிஜிலாக்கர், எம்–பரிவாகன் செயலிகளில் உள்ள மின்னணு ஆவணங்களும் செல்லும். ஆனால் கைப்பேசியில் எடுத்து வைத்த வெறும் புகைப்படம் அதற்கு ஈடாகாது.

இரண்டாவதாக, நாவு. ஸலாமோ வணக்கமோ கூறி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். "நான் யார் தெரியுமா" என்ற சொல் வேண்டாம். வெயிலிலும் புகையிலும் நிற்கும் காவலரும் ஒரு வீட்டின் பிள்ளைதான். தொப்பியையும் தாடியையும் பார்த்துத்தான் நிறுத்துகிறார்கள் என்று சில தம்பிகள் மனம் புழுங்குவதை நாம் அறிவோம். காரணம் எதுவாயினும், ஆவணங்கள் சரியாக இருந்தால் மேற்கொண்டு பேச்சுக்கு இடமில்லை. எவரேனும் மார்க்கத்தை இழிவாகப் பேசினால், அங்கே சண்டையிடாதீர்கள். அவர் பெயர், இடம், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு எங்களிடம் வாருங்கள்.

அடுத்து, நம் உரிமைகள். அபராதம் விதித்தால் இ–சலான் உண்டு; ரசீது இல்லாமல் பணம் தராதீர்கள். விதிப்பு தவறென்று கருதினால் அங்கேயே வாதாட வேண்டியதில்லை, நீதிமன்றத்தில் எதிர்கொள்ளலாம். உரிமத்தைக் கைப்பற்றினால் பிரிவு 206-இன்படி ஒப்புகைச் சீட்டு தரப்பட வேண்டும். உரிமமோ பதிவோ இல்லாத வண்டியைப் பிடித்து வைக்கப் பிரிவு 207 அதிகாரம் தருகிறது. ஆனால் அடிப்பதற்கு எந்தப் பிரிவும் இல்லை. கைது செய்தால் காரணத்தைக் கூற வேண்டும், உறவினருக்குத் தெரிவிக்க வேண்டும், 24 மணி நேரத்திற்குள் நீதிபதி முன் நிறுத்த வேண்டும். பெண்களைப் பெண் காவலரே சோதனையிட வேண்டும். முறைகேடு நிகழ்ந்தால் மாவட்டக் காவல் கண்காணிப்பாளரிடமும், மாநில மனித உரிமை ஆணையத்திடமும் எழுத்து மூலம் புகார் அளிக்கலாம். இ–சலான் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் கோப்புகளைத் திறக்காதீர்கள். அவை வங்கிப் பணத்தைத் திருடும் மோசடிகளாக இருக்கக்கூடும். பரிவாகன் தளத்தில் வண்டி எண்ணை இட்டு நீங்களே சரிபாருங்கள்.

லஞ்சம் குறித்து ஓட்டுநர் சகோதரர்களுக்குத் தனியாக ஒரு சொல். கொடுப்பவரும் வாங்குபவரும் இறைவனின் சாபத்திற்குரியவர்கள் என்பது நபிமொழி தரும் எச்சரிக்கை. நாட்டின் சட்டமும் அவ்வாறே உள்ளது. 2018-இல் திருத்தப்பட்ட ஊழல் தடுப்புச் சட்டப்படி கொடுப்பதும் குற்றம். கட்டாயத்தினால் கொடுக்க நேர்ந்தவர் 7 நாட்களுக்குள் புகார் செய்தால் அவருக்குப் பாதுகாப்பு உண்டு. எடைக்கு மேல் ஏற்றிவிட்டு மாமூலை மட்டும் குறை கூறுவது நியாயமன்று.

இனி நமது கடமைகள். தமிழகத்தில் 2022 அக்டோபர் முதல் உயர்த்தப்பட்ட அபராதம் நடைமுறையில் உள்ளது. தலைக்கவசம் இல்லையேல் 1,000 ரூபாய். உரிமம் இல்லையேல் 5,000. மது அருந்தி ஓட்டினால் 10,000. "தொப்பி அணிந்துள்ளோம், தலைக்கவசம் எப்படி அணிவது" என்று சிலர் கேட்கின்றனர். தலைப்பாகை அணிந்த சீக்கியருக்கு மட்டுமே பிரிவு 129 விலக்களிக்கிறது. தொப்பிக்கு விலக்கு இல்லை. தொப்பியைச் சட்டைப் பையில் வைத்து, பள்ளி வாசலில் அணிந்துகொள்ளலாம். 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தோர் 1,68,491 பேர் என்றும், அவர்களுள் 50,029 பேர் தலைக்கவசம் அணியாதிருந்தவர்கள் என்றும் மத்திய அரசின் அறிக்கை கூறுகிறது. வாகனத்தில் ஏறும்போது துஆ ஓதுகிறோம். ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்று கற்றவர்களும் நாமே. தலைக்கவசத்தின் வாரை மாட்டுவதும் அந்தக் கட்டுதலைச் சேர்ந்தது.

பெற்றோர்களே! பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளையிடம் சாவியைத் தராதீர்கள். பிரிவு 199ஏ-இன்படி தந்தைக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். வண்டியின் பதிவு 12 மாதங்களுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை உரிமம் கிடைக்காது. லாரியோட்டிப் பிழைக்க வேண்டிய குடும்பத்தில் இதன் பொருள் என்னவென்று எண்ணிப் பாருங்கள். மகன் ஜும்ஆவுக்குத்தான் போகிறான் என்பதும் இதற்கு விலக்காகாது.

ஆகவே நிர்வாகக் குழுவினராகிய நாங்கள் உங்கள் முன் வைக்கும் முடிவு இது: தலைக்கவசம் இல்லாமை, மூவர் பயணம், மது, சிறுவர் ஓட்டுதல் ஆகியவற்றுக்காகக் காவல் நிலையத்திற்கு ஜமாஅத்தின் பெயரால் எவரும் பேச மாட்டோம். ஆனால் நம்மவரில் ஒருவர் அடிக்கப்பட்டாலோ, இழிவுபடுத்தப்பட்டாலோ, ரசீதின்றிப் பணம் கேட்கப்பட்டாலோ, நள்ளிரவானாலும் அழையுங்கள், வழக்கறிஞருடன் வருவோம். அண்டை வீட்டு இந்துச் சகோதரருக்கு அவ்வாறு நேர்ந்தாலும் வருவோம். சில்லறைத் தவறுகளுக்கெல்லாம் சிபாரிசு செய்து ஜமாஅத்தின் சொல்லைச் செலவழித்துவிட்டால், அநீதி நேரும் நாளில் அச்சொல்லுக்கு எடை இராது.

பாதையிலிருந்து பிறருக்குத் துன்பம் தருவதை அகற்றுவதும் ஈமானின் ஒரு கிளை என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். நாமே பாதையில் துன்பமாகிவிடக் கூடாது. நமக்கு இழைக்கப்படும் துன்பத்தை வாய்மூடிச் சகிக்கவும் வேண்டியதில்லை.

பயணம் செல்லும் நம் பிள்ளைகள் அனைவரையும் வல்ல அல்லாஹ் நலமுடன் வீடு சேர்ப்பானாக! ஆமீன். வஸ்ஸலாம்.