ரைட் வாங்கும் துப்பாக்கி

இன்றைக்குப் பாலவாக்கம் போகலாம். திருவான்மியூர் மருந்தீசுவரரை நீங்கள் சேவித்திருப்பீர்கள். வி.ஜி.பி. வாசலில் அசையாமல் நிற்கிற சிப்பாயைச் சிரிக்க வைக்கப் பார்த்துத் தோற்றிருப்பீர்கள். முட்டுக்காடு, முதலைப் பண்ணை, மகாபலிபுரம், இதெல்லாம் நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்? இவற்றுக்கெல்லாம் போகிற வழியில், ஜன்னலோரம் இடம் கிடைத்த சந்தோஷத்தில் நீங்கள் கவனிக்காமலே தாண்டிவிடுகிற ஊர் பாலவாக்கம். கொட்டிவாக்கம் முடிந்து நீலாங்கரை ஆரம்பிப்பதற்குள் வந்து போய்விடும்.

2011 வரை இது காஞ்சிபுரம் மாவட்டத்துப் பஞ்சாயத்து. அந்த வருஷம்தான் சென்னை மாநகராட்சியோடு சேர்த்தார்கள். தபால்காரருக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. திருவான்மியூருக்கும் இதற்கும் ஒரே பின்கோடுதான், 600041.

கோவளம் பஸ்ஸில் வந்து இறங்கி, கடல் பக்கமாகத் திரும்புகிற தெரு ஒன்றில் நடக்கலாம். தெருவின் முதல் பாதியில் எல்லாம் உயரமான மதில், உள்ளே கார் இரண்டு, வெளியே காவலாளி நாற்காலி. நடக்க நடக்க மதில் தாழும், வீடு சிறுக்கும், திண்ணையில் வலை காயும். அப்புறம் குப்பம். அங்கே ஒரு அம்மா அரிவாள்மணை போட்டு மீன் நறுக்கிக்கொண்டிருப்பார். சங்கராவைக் கையில் எடுத்தால் செதில் உதிர்வது தெரியும், கை போவது தெரியாது. கடம்பாவைச் சுத்தம் செய்து மை படாமல் கொடுக்க அந்த வட்டாரத்தில் அவரை விட்டால் ஆளில்லை. நான் இன்றைக்கு அவரைப் பற்றியும், அவர் சொல்லிக் கொடுத்த சுறாப்புட்டைப் பற்றியும்தான் பேச நினைத்து வந்தேன். ஆனால் தெரு முடிகிற இடத்தில் ஒரு தட்டி நிற்கிறதே, அதைத் தாண்டி என்னால் போக முடிவதில்லை.

பலூன் சுடுகிற தட்டி. இரண்டு மூங்கிலுக்கு நடுவே இழுத்துக் கட்டிய பலகை, அதில் வரிசை வரிசையாகச் சிவப்பும் மஞ்சளும் பச்சையுமாகப் பலூன்கள், பின்னால் கனமான தார்ப்பாய், அதற்கும் பின்னால் வங்காள விரிகுடா. இதைவிடப் பாதுகாப்பாக ஒரு ரேஞ்ச் யார் அமைக்க முடியும், சொல்லுங்கள்.

சுடாதவர்கள் உங்களில் குறைவாகத்தான் இருப்பீர்கள். மெரினாவில், எலியட்ஸில், தீவுத்திடல் பொருட்காட்சியில், ஊர்த் திருவிழாவில் என்று எங்கேயாவது அந்தத் துப்பாக்கியைத் தோளில் சாய்த்து ஒரு கண்ணை இறுக்கி மூடியிருப்பீர்கள். நான் சொல்கிற இந்தத் தட்டியை ஒரு குடும்பமே நடத்துகிறது. கணவர் துப்பாக்கியை நடுவில் மடக்கிக் குண்டு போட்டுக் கொடுப்பார். மனைவியிடம் கணக்கு. மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து கைப்பம்பில் பலூன் ஊதுவார். அவர் ஊதினால் ஒரு பலூனும் இன்னொன்றை விடப் பெரிதாகாது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அவர்கள் பெண் தட்டிக்குப் போய், வெடித்த இடங்களில் புதுப் பலூன் செருகுவாள். அவள் "இருங்க" என்று கையைத் தூக்கினால் மந்திரியே ஆனாலும் குழல் மணலைப் பார்த்துத் தாழ வேண்டும். அவள் ஓரமாக வந்து நின்று தலையசைத்த பிறகுதான் அடுத்த குண்டு.

மாதம் பிறந்து வருகிற முதல் ஞாயிறு சாயங்காலம் இங்கே ஒரு போட்டி நடக்கும். போஸ்டர் கிடையாது, பரிசு கிடையாது. சம்பளம் வந்த தெம்பில் அக்கம்பக்கத்துக்காரர்கள் சிலர் கூடுவார்கள். பாங்கியில் ஓய்வு பெற்ற ஒரு பெரியவர், ஆட்டோ ஓட்டுகிற ஒருத்தர், தையல்கடைக்காரர், அவர் தங்கை, காலேஜ் பையன்கள் இரண்டு பேர், எப்போதாவது நான். ஆளுக்குப் பத்துக் குண்டு. ஒரே சட்டம்தான்: சொல்லி அடிக்க வேண்டும். "மூணாவது வரிசை, கடைசிப் பச்சை" என்றால் அதுதான் வெடிக்க வேண்டும். பக்கத்துச் சிவப்பு வெடித்தால் கைதட்டல் உண்டு, கணக்கில் வராது. கடைசியாக வந்தவர் எல்லாருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கித் தர வேண்டும். சமமாக நின்றால் நூலில் ஒரு சோடா மூடியைக் கட்டித் தொங்க விடுவார்கள். கடல்காற்றில் அது ஆடுகிற ஆட்டம் இருக்கிறதே, பெரியவரே ஒரு தடவை துப்பாக்கியைக் கீழே வைத்துவிட்டு, "நான் பஜ்ஜியே வாங்கித் தந்துடறேம்ப்பா" என்று சொல்லிவிட்டார்.

சொல்லி அடிப்பது ஏன் அவ்வளவு கஷ்டம்? துப்பாக்கி கோணல். கடற்கரைத் துப்பாக்கி எல்லாமே கோணல்தான். கடைக்காரர்கள் வேண்டுமென்றே வளைத்து வைக்கிறார்கள் என்று ஊரெல்லாம் ஒரு பேச்சு உண்டு. எங்கேயாவது அப்படியும் நடக்கலாம். இங்கே காரணம் வேறு என்பது என் கட்சி. ஒவ்வொரு குண்டுக்கும் குழலை முறித்து மடக்க வேண்டியிருக்கிறது. அப்படி மடக்கும்போதுதான் உள்ளே இருக்கிற ஸ்பிரிங் அழுந்தி ஏறுகிறது. விசையை இழுத்தால் ஸ்பிரிங் பிஸ்டனைத் தள்ளும், பிஸ்டன் காற்றை நெருக்கும், காற்று குண்டைத் துரத்தும். ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு எத்தனை ஆயிரம் தடவை மடக்குவார்கள்? கீல் தேயாமல் என்ன செய்யும்? குழல் ஒரு மயிரிழை சாய்ந்தால் போதும். நுனியில் இருக்கிற முள்ளும் பின்னால் இருக்கிற வெட்டும் ஒன்றைக் காட்டும், குழல் இன்னொன்றைக் காட்டும். இதோடு உப்புக்காற்று வேறு. தினமும் ராத்திரி எண்ணெய்த் துணியால் துடைத்து வைத்தாலும் துரு பிடிக்கத்தான் செய்கிறது.

அந்த வீட்டுக்காரருக்குத் தன் துப்பாக்கிகளின் குணம் அத்துப்படி. சின்னப் பிள்ளைகள் வந்தால் காதோரம் குனிந்து சொல்லிவிடுவார்: "இது ரைட் வாங்குது கண்ணு. ஒரு பலூன் லெஃப்ட்ல புடி." பெரியவர்களிடம் வாயைத் திறக்க மாட்டார். நாமே கண்டுபிடிக்க வேண்டும். ஆட்டோக்காரர் அதில் கெட்டிக்காரர். முதல் குண்டிலேயே தெரிந்துகொள்வார். துப்பாக்கியை அவர் இறுக்கிப் பிடிக்கவே மாட்டார், உள்ளங்கையில் சும்மா கிடத்தியிருப்பார். பார்த்தால் அலட்சியம் போல இருக்கும். ஆனால் அதில் சூட்சுமம் உண்டு. ஸ்பிரிங் துப்பாக்கி குண்டு வெளியே போவதற்கு முன்பே குலுங்கும். இறுக்கிப் பிடித்தால் பிடிக்குப் பிடி அந்தக் குலுக்கல் மாறும், குண்டும் இடம் மாறும். தளர்த்திப் பிடித்தால் எப்போதும் ஒரே மாதிரி குலுங்கும். கோணலே ஆனாலும் ஒரே மாதிரிக் கோணல் என்றால் சமாளித்துவிடலாம் இல்லையா?

நேயர்களே, சிரிக்காதீர்கள், இந்த இடத்தில் எனக்கு பெய்ஜிங் ஞாபகம் வருகிறது. 2008 ஒலிம்பிக்ஸ், 10 மீட்டர் ஏர் ரைஃபிள், அபினவ் பிந்த்ரா. சண்டிகர் பக்கத்தில் அவர் வீட்டிலேயே அப்பா ரேஞ்ச் கட்டிக் கொடுத்திருந்தார். ஆக அதுவும் குடும்பம் நடத்திய ரேஞ்ச்தான், ஏ.சி. போட்டது, அவ்வளவே வித்தியாசம். தகுதிச் சுற்றில் 596 எடுத்து நாலாவது ஆளாக இறுதிக்கு வந்தார். இறுதிச் சுற்றுக்கு முன்னால் சரி பார்க்க ஒரு குண்டு சுட்டால், அது பத்தில் விழாமல் நாலில் போய் விழுந்தது! உலகத்தின் சிறந்த துப்பாக்கிகளில் ஒன்று, அதன் சைட் நகர்ந்திருந்தது. எப்படி நகர்ந்தது என்பது தனி விவகாரம், அவரே தன் புத்தகத்தில் எழுதியிருக்கிறார். இருந்த சில நிமிஷத்துக்குள் எவ்வளவு கோணல் என்று கணக்குப் போட்டு, சைட்டைத் திருப்பி, நேராக்கிக்கொண்டார். கடைசிக் குண்டுக்கு வரும்போது அவரும் பின்லாந்தின் ஹென்ரி ஹாக்கினனும் சமம். ஹாக்கினன் 9.7. பிந்த்ரா 10.8. தனிநபர் போட்டியில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் தங்கம்.

அந்தப் போட்டியின் குறி எவ்வளவு பெரிது தெரியுமா? பத்துப் புள்ளி என்பது அரை மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரு பொட்டு. இந்த வாக்கியத்தை எழுதி முடித்து நான் வைத்த முற்றுப்புள்ளியைப் பத்து மீட்டர் தள்ளி வையுங்கள், அதுதான். குண்டோ 4.5 மில்லிமீட்டர். நம் கடற்கரைத் துப்பாக்கியிலும் பெரும்பாலும் அதே 4.5 மில்லிமீட்டர்தான். அந்த அளவுக்குள், 20 ஜூலுக்கு மேல் ஆற்றல் போகாத ஏர் ரைஃபிளுக்கு நம் நாட்டில் லைசென்ஸ் வேண்டாம். அதனால்தான் மாமியார் பலூன் ஊதுகிற இடத்தில் அது சாதாரணமாகச் சாய்ந்து நிற்கிறது.

ககன் நாரங்கை மறந்துவிட்டேனே. 2012 லண்டனில் இதே போட்டியில் 701.1 புள்ளி எடுத்து வெண்கலம் வாங்கினாரே, அவர் பிறந்தது 1983-ல், நம் சென்னையில். வளர்ந்தது ஹைதராபாத். நடை பழகுகிற வயதில் மெரினாவில் பொம்மைத் துப்பாக்கியால் பலூனைக் குறிபார்த்துக்கொண்டிருந்த குழந்தை அவர் என்று அந்த நாட்களில் பத்திரிகையில் படித்த ஞாபகம். படித்ததும் எனக்கு மெரினா மேல் கொஞ்சம் பொறாமை வந்தது. இந்தக் குழந்தையைக் கொஞ்சம் தெற்கே, பாலவாக்கத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்திருக்கக் கூடாதா?

போகட்டும், அந்தக் குறையும் ஒருவிதத்தில் தீர்ந்தது. நாரங் 'கன் ஃபார் குளோரி' என்று ஒரு பயிற்சிக்கூடம் ஆரம்பித்தார். அகமதாபாதில் அதில் பயின்றவர் இளவேனில் வாலறிவன். பெயரைக் கேட்டாலே ஊர் தெரிகிறதல்லவா? பிறந்தது கடலூர். 2019-ல் ரியோ டி ஜெனிரோவில் உலகக் கோப்பைத் தங்கம், பிறகு டோக்கியோ, பாரிஸ் என்று இரண்டு ஒலிம்பிக். நம் தட்டிக்கு மேற்கே போகிறதே கிழக்குக் கடற்கரைச் சாலை, அதைப் பிடித்துத் தெற்கே போய்க்கொண்டே இருந்தால் புதுச்சேரி தாண்டிக் கடலூர்தான். பலூன் மாட்டுகிற பெண்ணுக்கு நான் இந்தக் கதையைச் சொன்னேன். "அவங்க துப்பாக்கி எந்தப் பக்கம் வாங்கும்?" என்று கேட்டாள்.

காற்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். வெயில் காலத்தில் மத்தியானத்துக்கு மேல் கடல்காற்று ஏறிவிடும். குண்டை அது ஒன்றும் செய்யாது, தூரம் அவ்வளவு இல்லை. பலூனைத்தான் படுத்தும். தட்டியோடு ஒட்டிக்கொண்டு நடுங்கும், சட்டென்று பக்கத்துப் பலூனுக்குப் பின்னால் ஒளியும். அரைக் காற்று அடைத்த பலூனாக இருந்து, குண்டு ஓரத்தில் உரசினால் சில சமயம் வெடிக்காமல் சறுக்கிவிட்டுப் போகும். தையல்கடைக்காரரின் தங்கை இதற்காகவே பெரியதாக ஊதிய பலூனை மட்டும் சொல்லி அடிக்கப் பார்ப்பார். மாமியாரின் கைப்பம்பு இந்தச் சூழ்ச்சியைத்தான் முறியடிக்கிறது என்பது என் சந்தேகம்.

தை, மாசி, பங்குனியில் போட்டியைச் சீக்கிரம் முடித்துக்கொள்வார்கள். அது பங்குனி ஆமை கரையேறுகிற பருவம். 1988 முதல் மாணவர்கள் சேர்ந்து நடத்துகிற கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று சென்னையில் இருக்கிறது. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரி முழுக்க நடந்து, ஆமை இட்ட முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள். ஒன்றரை மாதத்தில் குஞ்சு வரும். வந்தால் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடும். பழைய காலத்தில் கடல்தான் வெளிச்சம், இப்போது சாலைப் பக்கம் வெளிச்சம். அதனால் இருட்டுவதற்குள் இந்தக் குடும்பம் பல்பை அணைத்துவிடுகிறது. பெண் கூடை எடுத்துக்கொண்டு வெடித்த பலூன் துண்டெல்லாம் பொறுக்குவாள். ஆமை தின்றால் குடலில் சிக்கும் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். தார்ப்பாயில் தட்டி விழுந்த ஈயக் குண்டுகளையும் பாட்டி சலித்து எடுத்துவிடுகிறார். எல்லாத் தட்டியிலும் இப்படிச் செய்கிறார்கள் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். செய்ய வேண்டும். மணலில் ஈயம் கிடப்பது யாருக்கும் நல்லதில்லை.

நேரம் முடிந்துவிட்டது என்று நிலையத்தில் கை காட்டிவிட்டார்கள். மீன் நறுக்குகிற அம்மா கோபித்துக்கொள்ளப் போகிறார். வருகிற ஞாயிறு நீங்கள் அந்தப் பக்கம் போவதாக இருந்தால், முதல் குண்டைப் பலூனுக்குச் செலவழிக்காதீர்கள். பலகையில் ஏதாவது ஒரு ஆணியைப் பார்த்துச் சுடுங்கள், ஓட்டை எந்தப் பக்கம் விழுகிறது என்று பாருங்கள், அதற்கு எதிர்ப்பக்கம் அவ்வளவு தள்ளிப் பிடியுங்கள். இரண்டு கண்ணையும் திறந்து வையுங்கள். பெரிய ஆட்டக்காரர்கள் பெரும்பாலும் ஒரு கண்ணை இறுக்கி மூடுவதில்லை, மூடினால் முகம் முழுக்கச் சுருங்கிக் கண் சோர்ந்துவிடும். பஜ்ஜியை ஆட்டம் முடிந்த பிறகு வாங்குங்கள். எண்ணெய்க் கையோடு துப்பாக்கியைத் தொட்டால் அந்த வீட்டுக்காரர் வாங்கி வைத்துக்கொள்வார், காசும் திரும்ப வராது.