பெருகும் நகரமும் நம் குடும்பமும்

1951-இல் ஏறத்தாழ 8 லட்சம் மக்களைக் கொண்டிருந்த பெங்களூர், 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 85 லட்சத்தை எட்டியது. பிழைப்பு நாடி வந்த நம்மனோரும் அதில் அடக்கம். பொருளீட்டும் இளைஞர் திரளுமிடத்தில் அங்காடிகள் பெருகுதல் இயல்பே. கிருஷ்ணராஜேந்திர மார்க்கெட்டில் பேரம் பேசி வாங்கிய நாம், இன்று கைப்பேசி வழியே தவணையில் வாங்குகிறோம். தீபாவளிக்கு வாங்கிய தொலைக்காட்சிப் பெட்டியின் தவணையால், பள்ளிக் கட்டணம் செலுத்த வேண்டிய மாதத்தில் நம் இல்லமும் தவித்ததுண்டு.

2019–21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, கருநாடகத்தில் ஒரு பெண்ணுக்குச் சராசரி 1.7 குழந்தைகளே. இன்றைய இளைஞர் முதுமையடையுங்கால் தாங்கும் கைகள் குறைந்திருக்கும். வணிகர்க்கு நாம் வாடிக்கையாளர். நம் மக்கட்கோ பெற்றோர். ஆதலின், சம்பள நாளில் முதலில் சேமிப்பு, பின்னரே செலவு என உறுதி கொள்வோமாக!