டின் மீனும் சப்பாத்தியும்

1956-இல் நிறுவப்பெற்ற பழுப்பு நிலக்கரி நிறுவனத்தால் வளர்ந்தது நம் நெய்வேலி நகரியம். இங்கே இரவு ஷிப்டு முடித்து வருவோர்க்கு விரைவில் சமைக்கும் உணவு வேண்டும். இலங்கைத் தமிழர் இல்லங்களில் வழங்கும் டின் மீன் பிரட்டல் அதற்கு ஏற்றது.

எண்ணெயில் கடுகு, வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை தாளித்துத் தக்காளியை வதக்குக. மிளகாய்த்தூளும் மஞ்சளும் இட்டு, நீர் வடித்த மீனை உதிர்த்துச் சேர்த்து ஐந்து நிமிடம் கிளறுக; எலுமிச்சை பிழிந்து சப்பாத்தியில் சுருட்டி உண்க. மெக்சிகோ மக்கள் மக்காச்சோள அடையில் இவ்வாறு மடித்து உண்பதையே 'டாக்கோ' என்பர். நம் மிளகாயும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததன்றோ!

டின் மீன் கெடாதிருப்பது எங்ஙனம்? உணவைக் காற்றுப் புகாமல் அடைத்துச் சூடாக்கிக் காக்கும் முறையைப் பிரெஞ்சுக்காரர் நிக்கோலா அப்பேர் 1810-இல் நூலாக வெளியிட்டார். கெடுப்பவை நுண்ணுயிர்களே என்பதைப் பின்னாளில் பாஸ்டர் விளக்கினார். இன்று மூடிய டின்னை ஏறத்தாழ 121 பாகை செல்சியசு வெப்பத்தில் வைக்கின்றனர். வெப்பம் போதாவிடில், காற்றில்லா இடத்தில் வளரும் ஒருவகை நுண்ணுயிர் கொடிய நஞ்சை உண்டாக்கக்கூடும். அந்நஞ்சை மணத்தால் அறிதல் இயலாது. ஆதலால் உப்பிய டின்னைச் சுவைத்துப் பாராமல் அகற்றிவிடுக. சில ரூபாய்க்காக உயிரைப் பணயம் வைத்தல் சிக்கனமாகாது.