திங்கட்கிழமை மனு

 

திங்கட்கிழமை காலை திருப்பத்தூர் ஆட்சியர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். மக்கள் குறைதீர்க்கும் நாள். பட்டா மாற்றம், முதியோர் ஓய்வூதியம், வீட்டுமனை, பாதைத் தகராறு என்று ஆளுக்கொரு மனு. மனு பதிவாகி, ஒரு எண் விழும். ஆட்சியர் படித்துவிட்டு, எந்தத் துறைக்குப் போக வேண்டுமென்று குறிப்பெழுதுவார். அந்த எண்ணைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் கேட்க அதுதான் பிடிமானம்.

இதற்காக ஒரு காலத்தில், அப்போது மாவட்டத் தலைநகராக இருந்த வேலூருக்குப் போக வேண்டியிருந்தது. திருப்பத்தூரிலிருந்து எண்பது கிலோமீட்டருக்கும் மேல். ஜவ்வாது மலைமேல் புதூர்நாட்டுக்காரருக்கு முதலில் மலையிறங்கவே நேரம் சரியாகிவிடும். ஆம்பூர் தோல் தொழிற்சாலையில் தினக்கூலிக்குப் போகிறவருக்கோ ஒரு மனு என்பது ஒரு நாள் கூலி. 2019 நவம்பர் 28இல் திருப்பத்தூர் தனி மாவட்டம் ஆனது அவர்களுக்குத்தான் பெரிய விஷயம் என்பேன்.  

மனு கொடுக்க இன்னொரு இடம், ஜமாபந்தி. நம் வருவாய்க் கணக்குக்கு ஆண்டு பிறப்பது ஜூலை முதல் தேதி; அந்த ஆண்டுக்குப் பசலி என்று பெயர். பசலி முடிவதையொட்டி கிராமக் கணக்குகளைத் தாலுகா அலுவலகத்துக்கு வரவழைத்துத் தணிக்கை செய்வார்கள்; அதுதான் ஜமாபந்தி. அங்கேயும் மனு கொடுக்கலாம். உங்கள் ஊர்க் கணக்குப் புத்தகங்களும் கிராம நிர்வாக அலுவலரும் அதிகாரியின் எதிரிலேயே இருக்கும் நாள் அது. பட்டாவில் பெயர் பிழை இருந்தால் அன்றைக்கே போய்க் கேளுங்கள்.