தரகர் இல்லாத இங்கிலீஷ்

(மாணவர், களப்பணியாளர் பயிற்சி முகாம் ஒன்றில் பேசியதன் எழுத்து வடிவம்)



இங்கிலீஷ் பற்றிப் பேசணும்னு கூப்பிட்டபோது, 'ஸ்போக்கன் இங்கிலீஷா?' என்று கேட்டேன். அமைப்பாளர்கள் சிரித்தார்கள். பஸ் ஸ்டாண்டு சுவர் பூராவும் அந்த விளம்பரம்தானே. முப்பது நாளில் பேசலாம், அறுபது நாளில் பேசலாம். படித்துப் புரிந்துகொள்ளவும் கேட்டுப் புரிந்துகொள்ளவும் யாரும் விளம்பரம் போடுவதில்லை. நான் பேச வந்தது அந்த இரண்டைப் பற்றித்தான். நீங்கள் இங்கிலீஷ் பேசுகிறீர்களா இல்லையா என்பது எனக்குப் பெரிய கவலை இல்லை. நம்மைப் பற்றி எழுதியிருப்பது நமக்கு விளங்குதா, நம்மை வைத்துக்கொண்டே பேசுவது நம் காதில் ஏறுதா என்பதுதான் கவலை.

சில வருஷங்களுக்கு முன் ஒரு சேரியில் நடந்தது. சுடுகாட்டுக்குப் பாதை இல்லை. பிணத்தைத் தூக்கிக்கொண்டு வயலில் இறங்கி நடக்க வேண்டும். நடவு நேரம் என்றால் சாதி இந்துக்கள் வரப்பில் நின்று மறிப்பார்கள். பாதை கேட்டு உயர் நீதிமன்றத்தில் ரிட் போட்டார்கள். ஒருநாள் வக்கீல் ஆபீஸ் குமாஸ்தா போன் போட்டு, 'ஆர்டர் வாங்கியாச்சு' என்றார். அவ்வளவுதான் சொன்னார். சேரியில் வெடி போட்டார்கள். எனக்குச் சித்தப்பா முறையுள்ள ஒரு பெரியவர், 'நான் செத்தா இனிமே பாதையில போவேன்டா' என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

அந்தத் தாள் என் கைக்கு வந்தது நான்காவது மாதம். 'டிஸ்போஸ்டு ஆஃப்' என்று இருந்தது. மனுதாரர் கொடுத்த விண்ணப்பத்தைப் பன்னிரண்டு வாரத்துக்குள் சட்டப்படி 'கன்சிடர்' செய்ய வேண்டும் என்று தாசில்தாருக்கு உத்தரவு. கன்சிடர் என்றால் கொடு என்று அர்த்தமில்லை. எடுத்துப் பார் என்று அர்த்தம். பார்த்துவிட்டு முடியாது என்றும் சொல்லலாம். அவரும் பார்த்தார், முடியாது என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பிவிட்டார். ஜெயித்தால் 'அலௌடு', தோற்றால் 'டிஸ்மிஸ்டு', ரெண்டும் இல்லாமல் கட்டை மூடினால் 'டிஸ்போஸ்டு ஆஃப்'. மூன்று வார்த்தைதான் தோழர்களே. இந்த மூன்றும் தெரிந்த ஒரு பிளஸ் டூ பிள்ளை அந்தச் சேரியில் இருந்திருந்தால், வெடி போட்ட காசில் எஃப்.எம்.பி. படத்துக்கும் அ-பதிவேட்டுக்கும் மனு போட்டு, அந்தப் பன்னிரண்டு வாரத்துக்குள் தாசில்தார் மேஜையில் கொண்டுபோய் வைத்திருக்கலாம். அந்தப் பெரியவர் அடுத்த ஐப்பசியில் செத்தார். வயலில்தான் இறங்கினோம்.

உயர் நீதிமன்ற நடவடிக்கை இங்கிலீஷில் என்று அரசமைப்புச் சட்டத்தின் 348ஆவது பிரிவு சொல்லுது. தமிழும் வேண்டும் என்று 2006இல் நம் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. வரவில்லை. அது வரணும், அதற்காகப் போராடணும். வருகிற வரைக்கும் நம் தலைவிதியை எழுதிய தாளைப் படித்துச் சொல்ல ஒரு தரகரைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

சரி, எப்படிப் படிப்பது? நம் பிள்ளைகள் பள்ளியில் படித்த பாடத்தில் யாரோ ஒரு சீமான் வீட்டுப் பூனை, பனிக்காலம், கேக். அதில் ஆர்வம் வராததற்குப் பிள்ளையைக் குறை சொல்ல முடியாது. நமக்கு வேண்டிய பாடத்தை நாமே எடுப்போம். 1989ஆம் வருஷத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை எடுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பிரிவு போதும்.

பதினெட்டாவது பிரிவு எடுத்த எடுப்பிலேயே 'நத்திங்' என்று ஆரம்பிக்கும். நம்ம தம்பி அகராதியைப் பார்த்து 'ஒன்றுமில்லை' என்று எழுதிவிட்டு முழிப்பான். தமிழில் இல்லை, ஆகாது, பொருந்தாது எல்லாம் வாக்கியத்தின் கடைசியில் வரும். இங்கிலீஷில் தலையிலேயே உட்கார்ந்திருக்கும். அந்த நத்திங்கைத் தூக்கிக் கடைசியில் இருக்க வேண்டிய வினையோடு சேர்த்துப் படியுங்கள். 'இந்தச் சட்டப்படி குற்றம் சாட்டப்பட்டவரைக் கைது செய்யும் வழக்குக்கு 438ஆவது பிரிவு பொருந்தாது.' 438 என்றால் முன்ஜாமீன். 2024 ஜூலை 1 முதல் புது நடைமுறைச் சட்டத்தில் அது 482.

இந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் எவ்வளவு நடந்திருக்கு பாருங்க. 2018 மார்ச் 20இல் உச்ச நீதிமன்றம் இந்தத் தடையைத் தளர்த்தியது. ஏப்ரல் 2இல் வட மாநிலங்களில் தலித்துகள் தெருவில் இறங்கினார்கள், உயிர்கள் போயின. அதே வருஷம் ஆகஸ்டில் நாடாளுமன்றம் 18ஏ என்ற பிரிவைச் சேர்த்தது. அதில் 'நாட்வித்ஸ்டாண்டிங்' என்று ஒரு வார்த்தை. எந்த நீதிமன்றம் என்ன தீர்ப்புச் சொல்லியிருந்தாலும் சரி, அதையும் மீறி, என்று அர்த்தம். இவ்வளவு நீளமான அந்த வார்த்தையைச் சட்டத்தில் எங்கே பார்த்தாலும் நின்று படியுங்கள். அங்கே ஒன்றை ஒன்று மீறுது. 2020 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 18ஏ செல்லும் என்றது. கூடவே, புகாரில் முகாந்திரமே இல்லையென்றால் இந்தத் தடை பொருந்தாது என்றும் ஒரு வால் வைத்தது. நம் ஆட்கள் முதல் பாதியோடு மேடை ஏறிவிடுகிறார்கள். எதிர்த்தரப்பு வக்கீல் அந்த வாலைப் பிடித்துக்கொண்டு வருவான்.

இன்னொன்று. சாதி சொல்லி இழிவுபடுத்தும் குற்றத்துக்கு 'வித்தின் பப்ளிக் வியூ' என்று சட்டம் நிபந்தனை வைக்குது. இதைப் 'பொது இடத்தில்' என்று சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். வியூ என்றால் பார்வை. இடம் யாருடையது என்பது கேள்வியே இல்லை. அடுத்தவர் பார்க்கும்படி நடந்ததா என்பதுதான் கேள்வி. 2008இல் ஸ்வரண் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைப் பிரித்துச் சொன்னது: தனியார் வீட்டு வாசலில் நடந்தாலும், தெருவில் போகிறவர் பார்க்க முடிந்தால் அது பொதுப் பார்வைதான். 2020இல் ஹிதேஷ் வர்மா வழக்கில், வெளியாள் இல்லாத நாலு சுவருக்குள் நடந்தது இந்தக் குற்றத்தில் வராது என்று சொல்லிவிட்டது. புகார் எழுதும்போது யார் யார் பார்த்தார்கள், எங்கே நின்று பார்த்தார்கள் என்று எழுதாவிட்டால் வழக்கு அங்கேயே விழும். ஒரு வார்த்தையைச் சரியாகப் படித்தால் புகாரே வேறு மாதிரி எழுதுவோம்.

அடுத்தது காது. இது கண்ணைவிடக் கஷ்டம். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும் அதன் மாத்திரையைக் கொடுத்துப் பேசுகிறோம். இங்கிலீஷ்காரன் அழுத்த வேண்டிய இடத்தை அழுத்திவிட்டு மிச்சத்தை விழுங்கிவிடுவான். தாளில் படித்தால் தெரிகிற வாக்கியம் காதில் விழும்போது ஒரே கஞ்சியாக இருக்கும். நமக்கு மூளை இல்லை என்று அர்த்தமில்லை, காதுக்குப் பழக்கமில்லை. 'தேர்ட்டீன்', 'தேர்ட்டி' இரண்டையும் எடுத்துக்கோங்க. பின்பாதியை அழுத்தினால் பதின்மூன்று, முன்பாதியை அழுத்தினால் முப்பது. வாய்தா தேதியைக் கோர்ட்டில் இப்படித்தான் சொல்வார்கள், ஒரே ஒரு தடவை.

எங்கள் காலத்தில் ஆதிதிராவிடர் நல விடுதியில் ஒரே ஒரு டிரான்சிஸ்டர் இருந்தது. இரவு ஒன்பது மணிக்கு ஆல் இந்தியா ரேடியோ இங்கிலீஷ் செய்தி. முன்கூட்டியே தமிழ்ச் செய்தி கேட்டிருப்போம். என்ன சொல்லப் போகிறான் என்று தெரியும், எப்படிச் சொல்கிறான் என்று மட்டும் காதைத் தீட்டிக்கொண்டு கேட்போம். சிற்றலையில் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா 1959இல் தொடங்கிய 'ஸ்பெஷல் இங்கிலீஷ்' என்று ஒன்று வரும். ஏறக்குறைய 1500 வார்த்தைக்குள், நிறுத்தி நிறுத்திப் படிப்பார்கள். அமெரிக்கக்காரன் அரசியல் அவனுக்கு, நாங்கள் காதை மட்டும் பழக்கிக்கொண்டோம். உங்கள் சட்டைப்பையில் இப்போது போன் இருக்கு. எந்தப் பேச்சையும் நிறுத்தலாம், திருப்பிப் போடலாம், மெதுவாக்கலாம். எங்களுக்கு அந்தக் குரல் ஒரு தடவைதான் வரும், அதுவும் இரைச்சலோடு.

பாபாசாகேப் 1955இல் பிபிசி வானொலிக்கு இங்கிலீஷில் கொடுத்த பேட்டியின் ஒலிப்பதிவு இருக்கு. சாவதற்கு முந்தைய வருஷம், உடம்பு தளர்ந்த குரல். அதில் காந்தியைப் பற்றிச் சொல்கிறார்: இங்கிலீஷ் பத்திரிகையில் தன்னைச் சாதிக்கும் தீண்டாமைக்கும் எதிரி போலக் காட்டிக்கொண்டார், குஜராத்திப் பத்திரிகையில் பழைமைவாதியாக எழுதினார், இரண்டையும் சேர்த்துப் படிக்காததால் மேற்கத்தியர் ஏமாந்தார்கள் என்று. யார் இதைச் சொல்ல முடியும்? இரண்டு பக்கமும் படிக்கத் தெரிந்தவர்தான். எல்பின்ஸ்டன் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க விடாமல் பாரசீகம் படிக்க வைக்கப்பட்டவர் அவர்.

2010இல் உத்தரப் பிரதேசத்தில் பாங்கா என்ற கிராமத்தில் ஆங்கில தேவிக்குக் கோயில் கட்ட ஆரம்பித்தார்கள், நிர்வாகம் தடுத்துவிட்டது. சந்திரபான் பிரசாத் முன்னின்று செய்தது. அந்த ஏக்கம் எனக்குப் புரியுது. ஆனால் கோயில் கட்டினால் அங்கேயும் ஒரு பூசாரி வருவான், இங்கிலீஷுக்கு ஏற்கெனவே பூசாரிகள் அதிகம். தமிழைக் கைவிடச் சொல்வதாகவும் யாரும் எடுத்துக்க வேண்டாம். படித்ததைச் சேரியில் போய்த் தமிழில் சொல்லாவிட்டால் அப்புறம் நாமும் தரகர்தான்.

உங்களுக்குக் கொடுத்த தாளில் முன்பக்கம் பதினெட்டாவது பிரிவு, பின்பக்கம் அந்தப் பேட்டியின் ஒரு பகுதி. சாப்பிட்டுவிட்டு வாங்க. ஒலிப்பதிவை மூன்று தடவை போடுறோம். முதல் தடவை தாளைப் பார்க்கக் கூடாது, காதில் விழுந்த வார்த்தையை மட்டும், நாலு ஆனாலும் ஐந்து ஆனாலும், எழுதுங்க. இரண்டாவது தடவை தாளைப் பார்த்துக்கொண்டே கேளுங்க. மூன்றாவது தடவை மறுபடியும் மூடி வச்சுடுங்க. பென்சில் இல்லாதவங்க இங்கே வந்து வாங்கிக்கோங்க.