ராணி கட்டளையிடுவதில்லை

(முன்னாள் மாணவர் சங்க ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரை)



விலங்கியல் படித்தவன் மைக்கைப் பிடித்தால் தவளையைப் பற்றித்தான் பேசுவான் என்று செயலாளர் பயந்தார். தவளை இல்லை. கறையான், குளவி, நம்ம ஹைவே, கடைசியில் போர்வெல். சாப்பாட்டு மணிக்கு முன்னால் முடித்துவிடுகிறேன்.

திண்டிவனம் பக்கம் ஏரிக்கரைகளில் புற்றுக்குப் பஞ்சமில்லை. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பமரத்தடியில் அம்மனாகவும் இருக்கும். பாம்புப் புற்று என்கிறோம். பாம்பு பிற்பாடு வந்த குடித்தனம், கட்டியது கறையான். உள்ளே அறைகள், காற்றோட்டம், ஒரு காளான் தோட்டம். மழை விட்டதும் நாம் பிடுங்கி வந்து குழம்பு வைக்கிறோமே, புற்றுக்காளான், அது அந்தத் தோட்டத்துச் சரக்குதான். ஆள் உயரத்துக்கு இதையெல்லாம் கட்டுகிற வேலைக்காரக் கறையான் ஒரு அரிசி அளவுகூட இருக்காது. அதற்குக் கண்ணும் கிடையாது. அப்படியானால் பிளான் யார் கையில்?

ராணி இருக்கிறாளே என்பீர்கள். பாவம், அவள் ஒரு அறைக்குள் வயிறு பெருத்துக் கிடந்து முட்டையிடுகிறாள், நகரக்கூட முடியாது. ராணி என்று பெயர் வைத்தது நாம். ராஜா மந்திரி இல்லாமல் ஒரு ஊர் நடக்கும் என்று நமக்குத் தோன்றுவதில்லை, அதனால் பூச்சிக்கும் சிம்மாசனம் போட்டுக் கொடுத்துவிட்டோம்.

1959-ல் பியர்-பால் கிராஸே என்ற பிரெஞ்சு விஞ்ஞானி இதற்கு ஒரு விளக்கம் சொன்னார். ஒரு கறையான் மண்ணை எச்சிலில் குழைத்து ஓர் உருண்டை வைக்கிறது. அந்த உருண்டையே அடுத்த கறையானை அங்கேயே இன்னொன்று வைக்கத் தூண்டுகிறது. தூண்டுவது வாசனையா, ஈரமா, மேட்டின் வளைவா என்று இன்றும் விவாதம் நடக்கிறது. எதுவானாலும், ஒருவர் செய்து வைத்த வேலைதான் அடுத்தவருக்கு உத்தரவு. மேஸ்திரி இல்லை. உருண்டை சேர்ந்து தூண் ஆகிறது, பக்கத்துத் தூணோடு சாய்ந்து வளைவு ஆகிறது.

குளவிக்கு வருவோம். பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கதக்கர் என்ற பேராசிரியர் பல பத்தாண்டுகளாக ஒரே ஒரு குளவியைப் படித்தவர். ரோபாலிடியா மார்ஜினேட்டா என்று பெயர். ஜன்னல் மேலேயும் தாழ்வாரத்திலும் காகிதம் மாதிரிக் கூடு கட்டும். ஒவ்வொரு குளவி முதுகிலும் வண்ணப் பொட்டு வைத்து, எது என்ன செய்கிறது என்று மணிக்கணக்கில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். (அந்தப் பொறுமைக்கே ஒரு டிகிரி கொடுக்கலாம்.) ராணி அதிகாரம் பண்ணும், மிரட்டும், விரட்டும் என்றுதான் எதிர்பார்ப்பு. இந்தக் கூட்டில் ராணி பரம சாது. யாரையும் முட்டுவதில்லை, மோதுவதில்லை, சும்மா உட்கார்ந்திருக்கும். முட்டை வைக்கும் உரிமையை மட்டும் தன் உடம்பின் ரசாயன வாசனையால் காப்பாற்றிக்கொள்கிறது. இரை தேட யார் போவது, எவ்வளவு கொண்டு வருவது என்பதை வேலைக்காரக் குளவிகளே ஒன்றையொன்று இடித்துத் தீர்த்துக்கொள்கின்றன. கூட்டில் பசி கூடினால் இடியும் கூடும். வீட்டில் அரிசி தீர்ந்தால் நம்மை யார் கடைக்கு விரட்டுகிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

நம் ஊர் விஷயம். விழுப்புரம் ஜங்ஷன், நான் சொல்வதற்கு நேர் எதிரான உதாரணம். சென்னை, திருச்சி, மயிலாடுதுறை, புதுச்சேரி, காட்பாடி என்று எத்தனை பக்கம் தண்டவாளம் போகிறது! அங்கே எந்த டிரைவரும் தன் இஷ்டத்துக்கு வண்டியை எடுக்க முடியாது, சிக்னல் சொல்ல வேண்டும். 2024-ல் ஃபெஞ்சல் புயலின்போது மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2-ஆம் தேதி விக்கிரவாண்டிக்கும் முண்டியம்பாக்கத்துக்கும் நடுவே பாலத்தைத் தொடும் அளவுக்கு வெள்ளம் வந்தது. ரயில்களை நிறுத்தினார்கள். அந்த இடத்தில் நிறுத்து என்று சொல்ல ஒரு அதிகாரம் வேண்டும். ஆகவே எல்லாம் தானாக நடக்கும் என்று பேச நான் வரவில்லை.

ரயில் பாதையை ஒட்டியே ஓடுகிறது சாலை. பொங்கல் லீவு முடிந்து திங்கட்கிழமை விடியற்காலை திண்டிவனத்துக்கு வடக்கே வண்டிகள் நிற்கும். டோல்கேட்டில் நின்றால் காரணம் தெரிகிறது. ஆனால் சில சமயம் அரை மணி நேரம் ஊர்ந்து போய்ப் பார்த்தால் முன்னால் விபத்தும் இல்லை, மாடும் இல்லை, ரோடு காலி! ஜப்பானில் சுகியாமா குழுவினர் இதைச் சோதித்து 2008-ல் வெளியிட்டார்கள். 230 மீட்டர் வட்டப் பாதை, 22 கார்கள், எல்லோரும் ஒரே வேகத்தில் போகவேண்டும் என்பது மட்டுமே விதி. கொஞ்ச நேரத்தில் நெரிசல் தானாகவே உண்டாகி, வட்டத்தில் பின்பக்கமாக நகர ஆரம்பித்தது. ஒருவர் லேசாக பிரேக் தொடுகிறார், பின்னால் வருபவர் சற்றுத் தாமதமாகப் பார்த்து இன்னும் அழுத்தமாகத் தொடுகிறார், அடுத்தவர் அதற்கும் மேலே. பத்தாவது வண்டி நின்றேவிடுகிறது. தப்பு செய்தவர் என்று யாரையும் பிடிக்க முடியாது.

இதைவிட மோசமானதும் உண்டு. கயானா காட்டில் படை எறும்புகள் வட்டமாகச் சுற்றுவதை வில்லியம் பீபே 1921-ல் எழுதினார். முன்னே போனதன் வாசனையைப் பின்பற்றுவது அந்த எறும்பின் விதி. வரிசையின் தலை எப்படியோ வாலோடு சேர்ந்துவிட்டது. சுற்றளவு சுமார் 365 மீட்டர், ஒரு சுற்றுக்கு இரண்டரை மணி நேரம். பல எறும்புகள் சுற்றிச் சுற்றியே செத்தன. விதி அதேதான், புற்றை எழுப்புகிற மாதிரி விதிதான்.

அப்படியானால் எங்கே உருப்படுகிறது, எங்கே கெடுகிறது? நான் பார்த்தவரை, ஒருவர் செய்ததன் தடயம் அடுத்தவருக்கு உடனே, உள்ளபடி தெரிகிற இடத்தில் காரியம் நடக்கிறது. கறையானுக்கு உருண்டை தெரிகிறது, குளவிக்கு இடி தெரிகிறது. பிரேக் விளக்கு தாமதமாகத் தெரிகிறது. எறும்புக்குத் தெரிந்த வாசனை பொய்.

இப்போது போர்வெல். நம் பக்கத்துக் கழனிகளில் ஒரு காலத்தில் திறந்த கிணறுதான். கவலை ஓட்டினாலும் ஆயில் என்ஜின் வைத்தாலும், போகிறவர் வருகிறவர் எட்டிப் பார்த்தால் தண்ணீர் எந்தப் படியில் நிற்கிறது என்று தெரியும். ஏரியும் அப்படித்தான். கோடி போகிறதா, மதகுக்குக் கீழே இறங்கிவிட்டதா என்று ஊரே பார்க்கும். தண்ணீர் இருந்தால் நெல்லு, இல்லையென்றால் மல்லாட்டை, உளுந்து. தாசில்தார் வந்து சொல்லவேண்டியதில்லை. போர்வெல்லில் அந்த எட்டிப் பார்க்கும் வேலை போய்விட்டது. மூடி போட்ட ஒரு குழாய், அவ்வளவுதான். பக்கத்துக் கழனிக்காரர் ஆழப்படுத்தினால் நம் மோட்டார் காற்றை இழுக்கிறபோதுதான் தெரியும். உடனே நாமும் இறக்குகிறோம். இதில் யாரும் கெட்டவர் இல்லை. கடன் வாங்கித்தான் இறக்குகிறார்கள். அதுதான் என்னைத் தூங்கவிடாத விஷயம்.

ஆந்திராவில் 2003 முதல் சில ஆண்டுகள், வறட்சியான ஏழு மாவட்டங்களில், ஐ.நா. உணவு விவசாய அமைப்பின் துணையோடு ஒரு காரியம் செய்தார்கள். போர்வெல் தண்ணீர் மட்டத்தையும் மழையையும் விவசாயிகளே அளந்து, ஊர் நடுவில் எல்லோரும் பார்க்கிற மாதிரி எழுதி வைத்தார்கள். ரபி பட்டத்துக்கு முன்னால் கூடி உட்கார்ந்து, இருக்கிற தண்ணீர் எவ்வளவு, போடப்போகிற பயிர் குடிப்பது எவ்வளவு என்று கணக்குப் பார்த்தார்கள். யாருக்கும் தடை போடவில்லை, யாருக்கும் பணம் கொடுக்கவில்லை. பல ஊர்களில் நெல்லைக் குறைத்து, குறைந்த தண்ணீர் கேட்கிற பயிருக்கு மாறினார்கள்.

மாணவர்களிடம் ஒன்று கேட்கிறேன். இங்கே விழுப்புரம், விக்கிரவாண்டி, மயிலம், மரக்காணம் என்று சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து வருகிறீர்கள். ஆளுக்கு ஒரு கிணறு, உங்கள் ஊர்க் கிணறுதான். மாதம் ஒரு நாள் மட்டம் எடுத்து, பால் சொசைட்டிச் சுவரில் சாக்கட்டியால் எழுதுங்கள். கயிற்றில் மீட்டருக்கு ஒரு முடிச்சு, நுனியில் ஒரு காலி டம்ளர், கவிழ்த்துக் கட்டவேண்டும்; தண்ணீரைத் தொட்டதும் 'டொப்' என்று சத்தம் கேட்கும். இந்தத் தை மாதமே தொடங்கலாம். விருப்பமுள்ளவர்கள் சாப்பாட்டுக்குப் பிறகு விலங்கியல் துறை வராந்தாவுக்கு வாருங்கள். கயிறு நான் கொண்டுவந்திருக்கிறேன்.