வாய்விட்டுச் சொன்னால்தான் வலிக்கு வழி பிறக்கும்



‘வலி பொறுத்துக்கொள்ள வேண்டியதா, வெளியே சொல்ல வேண்டியதா?’ இதுதான் தலைப்பு. எதிரணியில் பேசிய அம்மா, ‘பொறுத்தார் பூமி ஆள்வார்’ என்று அழகாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். பூமி ஆள்றது அப்புறம் இருக்கட்டும் அம்மா, குனிஞ்சு பூமியைத் தொட முடியாதவங்க எங்க மாவட்டத்துல இருக்காங்களே! (கைதட்டல்)

நடுவர் அவர்களே, நம்ம ஜனங்க வலிக்கு எத்தனை பேர் வெச்சிருக்காங்க! குத்துது, குடையுது, கடுக்குது, இழுக்குது, விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. ஆனா, ‘ஏன் வலிக்குது?’ன்னு கேட்டா மூணே பதில்தான். வயசாச்சு, வேலை ஜாஸ்தி, தலைவிதி!

பென்னாகரம், பாலக்கோடு பக்கம் முட்டி வலிக்கும், முதுகு வளையாதுன்னா அந்த மூணு பதில்லயே அடங்கிப் போச்சு. பிள்ளைங்க பல்லுல பழுப்புக் கறை. சிரிக்கும்போது கையால வாயை மூடுற பொண்ணுங்க. ஒருத்தருக்கு வந்தா நோவு. ஊருக்கே வந்தா அது பழக்கம் ஆயிடுது ஐயா!

உண்மைக் காரணம் குடத்துக்குள்ள இருந்தது. பாறைக்கு அடியில ஊறுற தண்ணியில ஃப்ளோரைடு என்கிற உப்பு. லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல போனா, வருஷக்கணக்குல அது பல்லுலயும் எலும்புலயும் படியும். காய்ச்சிக் குடிச்சாலும் போகாது; தண்ணி சுண்டச் சுண்ட அடர்த்திதான் கூடும். வலி மாத்திரை வலியை மறைக்கும். குடத்துத் தண்ணியை மாத்துமா?

வலி எதிரி இல்லை ஐயா, வீட்டு வாசல்ல குரைக்கிற நாய். பக்கத்துல வேலூரிலே, தொழுநோயாளிகளுக்கு வைத்தியம் பார்த்த டாக்டர் பால் பிராண்ட் என்ன கண்டார்? விரல்ல வலி தெரியாததால, சுட்டாலும் வெட்டினாலும் கையை எடுக்க மாட்டாங்க. புண்ணாகி விரலே போயிடும். வலி இல்லாதவன் படுற பாடு அது! குரைக்கிற நாயை அடிச்சுப் படுக்க வைக்கிறதா, திருடன் யாருன்னு பார்க்கிறதா? (கைதட்டல்)

இந்தத் திருடனை நம்ம நாட்டு மருத்துவ உலகம் அடையாளம் கண்டது எப்போ தெரியுமா? 1937-ல், அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்திலே. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு அடிக்கல் நாட்டினது 2008-ல். திறந்து வைத்தது 2013-ல். எழுபத்தாறு வருஷம்! காசு, திட்டம், ஆயிரம் காரணம் சொல்லலாம். நாமளும் வலியை வயசுக் கணக்குல எழுதிவிட்டு உட்கார்ந்திருந்தோமே, அதைச் சேர்க்க வேண்டாமா?

காவிரி குழாயில வந்துடுச்சேன்னு தூங்கிடாதீங்க. வளைஞ்ச எலும்பு நிமிர்றது கஷ்டம். வளரும் பிள்ளையைக் காப்பாத்தலாம். காவிரித் தண்ணி வராத நாள்ல போர் தண்ணியைக் குடிக்கிற வீடா? அதைப் பரிசோதனைக்குக் கொடுங்க. ‘முட்டி வலிக்குது’ன்னு மாமியார் சொன்னா, ‘வயசாச்சு’ன்னு வாயை அடைக்காதீங்க. ‘பக்கத்து வீட்டுலயும் வலிக்குதா அத்தை?’ன்னு ஒரு கேள்வி கேளுங்க. அந்த ஒரு கேள்வி ஒரு ஊரையே காப்பாத்தும்!

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். ஆகவே, வலி வெளியே சொல்ல வேண்டியதே! (பலத்த கைதட்டல்)